முற்றமே முதற் களம்

உதைபந்தாட்டம் என்றவுடன் பழைய மாணவர் பலரின் நினைவு கல்லூரி மைதானத்தையே நாடும். சுண்ணாம்புக் கோடு கிழித்த ஆடுகளம், எல்லைக் கோட்டின் அருகே நின்று ஆரவாரிக்கும் மாணவர் கூட்டம், இறுதி நிமிடத்தில் வலைக்குட் புகுந்த பந்து என்பனவே விழா மலர்களில் மீட்டும் மீட்டும் பேசப்படுவன. அவை பேசத்தக்கனவே. ஆயினும் நல்லாட்டக்காரருட் பெரும்பாலோர் மைதானத்துக்கு வந்த நாளிலே பந்தோடு பழகத் தொடங்கியவரல்லர். அதற்கு முன்னரே வீட்டு முற்றத்திலும் ஒழுங்கையிலும் கோயில் வீதியிலும் அவர்தம் கால்கள் பந்தை அறிந்திருந்தன. அன்று அவ்வாறு ஆடியவர்கள் இன்று தந்தையராயும் பாட்டன்மாராயும் இருக்கின்றனர். அவர்கள் தம் பிள்ளைகளோடு முற்றத்தில் இறங்கிப் பந்தாடுவது எவ்வாறு என்பதைப் பற்றிச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேச்சும் இலக்கணமும்

தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்கு உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுத என்ன உரிமை உண்டென வினவுவாரும் உளராகலாம். மொழி கற்பித்தலிலே காணும் ஓருண்மை இவ்விளையாட்டுக்கும் பொருந்துதலே எனக்குள்ள உரிமை. ஐந்து வயதிலே பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு எழுவாய் இன்னது, பயனிலை இன்னது என்பது தெரியாது. ஆனால் அது தடையின்றிப் பேசும், கேட்கும், கதை சொல்லும், சண்டையும் பிடிக்கும். அப்பேச்சை அதற்குத் தந்தது வீடு. அதற்கு இலக்கணம் வகுப்பது பாடசாலை. வீட்டிற் பேச்சுப் பழகாத பிள்ளைக்குப் பாடசாலையில் இலக்கணம் கற்பித்துப் பயனில்லை.

உதைபந்தாட்டமும் அவ்வாறானதே. அணிவகுப்பு, எதிரணியை மறித்தல், மூலையுதை வரும்போது எவர் எங்கே நிற்பது என்பன ஆட்டத்தின் இலக்கணம். அவற்றைப் பயிற்றுநர் கற்பிப்பார். பந்தைக் காலோடு ஒட்டவைத்துக் கொண்டுசெல்லுதல், வரும் பந்தை அடக்குதல், நினைத்த இடத்துக்கு அனுப்புதல் என்பன காலின் பேச்சு. அவற்றைப் பழக ஏற்ற இடம் வீடு.

இது வெறும் உவமையன்று. எளிய கணக்கினாலும் தெளியலாம். முழு நேரப் போட்டியொன்று 90 நிமிடம். ஆடுவோர் 22 பேர். பந்து ஒரு கணமேனும் எல்லைக்கு வெளியே போகவில்லையென வைத்து, அந்நேரத்தை எல்லார்க்கும் சமமாகப் பகிர்ந்தாலும், ஒருவர்க்குக் கிடைப்பது நான்கு நிமிடத்துக்குச் சற்று மேலாகும். பாடசாலைப் பயிற்சியிலும் முப்பது பிள்ளைகளுக்கு ஐந்தாறு பந்துகளே இருக்குமாயின் நிலைமை பெரிதும் வேறுபடாது. வீட்டிலோ நாளொன்றுக்கு 15 நிமிடம் ஆடினாலும் அந்நேரம் முழுவதும் பந்து பிள்ளையின் காலிலேயே இருக்கும். வாரத்தில் ஐந்து நாளாயின் அது 75 நிமிடமாகும்.

சிற்றிடத்திற் பிறந்த பெருந்திறன்

எம் வளவு சிறிது. அங்கே என்ன ஆட முடியும் எனச் சிலர் கூறுவர். இடத்தின் சிறுமை குறையன்று என்பதற்கு உலகறிந்த சான்றுகள் உள.

பிரேசில் நாட்டின் பெலே 1940இற் பிறந்து பௌரு என்னும் நகரிலே வளர்ந்தார். அவர் தந்தையார் டொன்டினோவும் உதைபந்தாட்டக்காரரே. எனினும் வீட்டில் வறுமை மிகுந்திருந்தது. பந்து வாங்க வழியின்றிக் காலுறையொன்றினுள் பழந்தாளையும் கந்தையையும் அடைத்துக் கட்டி, அதனையே பந்தாகக் கொண்டு அவர் பழகினார். அச்சிறுவர் 1958இல் சுவீடனில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியிலே 17 வயதில் ஆடித் தம் நாட்டுக்கு வெற்றி தேடித்தந்தார். நம் நாட்டிலும் பழஞ்சீலையைச் சுற்றிக் கட்டிய சீலைப் பந்தை அறியாத முதியோர் சிலரே.

இங்கிலாந்தின் ஸ்டான்லி மத்தியூஸ் சிறுவராயிருந்தபோது குசினிக் கதிரைகளை வீட்டின் பின்முற்றத்தில் வரிசையாக வைத்து, அவற்றினிடையே பந்தை வளைத்து வளைத்துக் கொண்டுசென்று பழகினார். முடிதிருத்துநரும் குத்துச்சண்டை வீரருமான அவர் தந்தையார், உடலைப் பேணும் ஒழுக்கத்தை மகனுக்குப் பழக்கினார். அம்மகன் ஐம்பது வயது நிரம்பிய பின்னும், 1965இல், அந்நாட்டின் முதற் பிரிவுப் போட்டியில் ஆடினார்.

துடுப்பாட்ட அன்பர்க்கும் ஒரு சான்று கூறலாம். அவுஸ்திரேலியாவின் டொனால்ட் பிராட்மன் பௌரல் என்னும் ஊரிலுள்ள தம் வீட்டிலே, தண்ணீர்த் தாங்கியின் செங்கற் கட்டில் கொல்ப் பந்தை எறிந்து, அது திரும்பி வரும்போது விக்கெற் தடியொன்றினால் அடித்துப் பழகினார். அகன்ற மட்டையோ துணைக்கு ஆளோ அவர்க்கு வேண்டியிருக்கவில்லை.

சிற்றிட ஆட்டத்தையே தனி விளையாட்டாக்கிய வரலாறும் உண்டு. உருகுவே நாட்டின் மொன்ரவிடியோ நகரிலே முதலாவது உலகக் கிண்ணப் போட்டி நடந்த அதே 1930ஆம் ஆண்டில், ஜுவான் கார்லோஸ் செரியானி என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், மண்டபத்தினுள்ளே ஐவர் ஐவராக ஆடத்தக்க ஆட்டமொன்றை வகுத்தார். இன்று புட்சால் என வழங்குவது அதுவே. அதற்குரிய பந்து சிறிது; துள்ளலும் குறைவு. இடம் குறுகியதாதலின் ஆடுவோன் விரைந்து சிந்திக்கவும் பந்தைக் காலுக்கு அண்மையில் வைத்திருக்கவும் கற்கிறான். நம் முற்றம் தரும் பயிற்சியும் இத்தகையதே.

களமும் பந்தும்

பயிற்சிக்கு முன் தந்தை செய்ய வேண்டிய முதல் வேலை முற்றத்தைச் சுற்றிப் பார்த்தல். நம் வளவுகளிற் கிணறு உண்டு. கட்டு உயரமில்லாத கிணற்றின் பக்கம் பந்தை உதைத்தலாகாது. ஆட்டத்தில் மூழ்கிய பிள்ளை பந்தைப் பார்க்குமேயன்றிக் கிணற்றைப் பாராது. கிணற்றுக்கு மூடியோ கம்பிவலையோ இட்ட பின்னரே அப்பக்கம் ஆடலாம். உடைந்த போத்தில், தகரத் துண்டு, வேலியின் முட்கம்பி, பனைமட்டைக் கருக்கு ஆகியவற்றையும் அகற்றுதல் வேண்டும். வெயில் தாழ்ந்த பின் ஆடத் தொடங்குதலும், இடையிடையே தண்ணீர் கொடுத்தலும் நன்று.

பந்தின் அளவு பலரும் கவனியாத காரியம். பெரியோர் ஆடும் ஐந்தாம் இலக்கப் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர். எடை 410 முதல் 450 கிராம். அதனை ஆறு வயதுப் பிள்ளையின் காலடியில் இடுதல், அரிவரி வகுப்புப் பிள்ளையின் கையிலே பேரகராதியைக் கொடுத்தலை ஒக்கும். எட்டு வயதுக்கு உட்பட்டோர்க்கு மூன்றாம் இலக்கப் பந்தும், எட்டு முதல் பன்னிரண்டு வரை நான்காம் இலக்கப் பந்தும் ஏற்றன. வாங்க இயலாதாயிற் சீலைப் பந்தும் போதும். அது அதிகம் துள்ளாதாதலின் தொடக்கத்திற்கு நல்லதென்றே கூறலாம்.

துப்புரவான மணல் முற்றத்திலே வெறுங்காலோடு ஆடுதலிற் பிழையில்லை. பந்தின் உருளலைப் பாதம் நேரே உணரும். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கிலே பிரான்ஸை எதிர்த்தாடிய இந்திய அணியினர் பலர் வெறுங்காலோடு ஆடினர் என்பதை நம் முதியோர் அறிவர். எனினும் இன்றைய போட்டி விதிகள் பாதணியை வேண்டுவன. ஆகவே வளர்ந்த பிள்ளை பாதணியோடும் பழகுதல் வேண்டும்.

பழகும் முறை

நான்கு முதல் ஆறு வயது வரை பயிற்சி என்ற சொல்லே வேண்டா, விளையாட்டுப் போதும். பிள்ளை பந்தை மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வரட்டும். தந்தை "நில்" என்றவுடன் உள்ளங்காலைப் பந்தின் மேல் வைத்து நிறுத்த வேண்டும். "ஓடு" என்றவுடன் மீண்டும் புறப்பட வேண்டும். சிறிது நேரத்தின் பின் பிள்ளை கட்டளையிடத் தந்தை ஓடட்டும். அதனினும் பெரிய மகிழ்ச்சி அவ்வயதிற்கு வேறில்லை.

ஏழு முதல் ஒன்பது வயது வரை மூன்று பழக்கங்கள் போதும். முதலாவது, தேங்காய்ச் சிரட்டைகள் ஆறேழைப் பிள்ளையின் இரண்டடி இடைவெளியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்து, அவற்றினூடே பந்தை வளைத்துக் கொண்டுசெல்லுதல். உட்பாதத்தாலும் புறப்பாதத்தாலும் மாறி மாறித் தட்ட வேண்டும். சிரட்டையைத் தொடாது போய் மீள்வதே முதற் குறி. விரைவு பின்னர்த் தானாக வரும். இரண்டாவது, மதிலை நோக்கி உட்பாதத்தால் உதைத்துத் திரும்பும் பந்தை அடக்குதல். உதைக்கும்போது மற்றைக் கால் பந்தின் பக்கத்தில் ஊன்றி நிற்க வேண்டும். அக்காலின் விரல்கள் காட்டும் திசையிலே பந்து செல்லும். அடக்கும்போது பாதத்தைச் சற்றுப் பின்வாங்க வேண்டும். எறிந்த முட்டையை உடையாது ஏந்துபவன் கையைப் பின்வாங்குவது போன்றதே இது. விறைத்த பாதத்திற் பட்ட பந்து தெறித்தோடும். மதில் இல்லாத வீட்டிலே தந்தையே மதில். மூன்றாவது, வலிமை குறைந்த காலையும் பழக்குதல். வலக்கால் பத்து முறை உதைத்தால் இடக்காலும் பத்து முறை உதைக்கட்டும்.

பத்து வயதின் பின் கண்ணையும் பழக்குதல் வேண்டும். பந்தைப் பார்த்தபடியே ஓடுபவன் தன் அணியினனையும் காணான், எதிரியையும் காணான். பிள்ளை பந்தைக் கொண்டு வரும்போது தந்தை எதிரே நின்று விரல்களைக் காட்டட்டும். ஓடியவாறே எத்தனை விரலெனப் பிள்ளை கூறட்டும். சில நாளிலே தலை தானாக நிமிரும். அடுத்து, பந்து வருமுன் தோளுக்கு மேலாகப் பின்னே பார்த்து, அடக்கும் முதற் தொடுகையிலேயே திரும்பப் பழக வேண்டும். பந்தை நிலத்தில் விழவிடாது மேற்பாதத்தாலும் தொடையாலும் தட்டுதலையும் தொடங்கலாம். முதலில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒருமுறை நிலத்திற் துள்ள அனுமதித்தால் மனம் தளராது.

இறுதி ஐந்து நிமிடம் தந்தைக்கும் பிள்ளைக்கும் போட்டியாகட்டும். இரு தடிகளை நட்டு இலக்காக்கலாம். இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. தந்தை முழுத் திறனோடு ஆடினாற் பிள்ளை சோரும். வேண்டுமென்றே தோற்றாற் பிள்ளை அதனைக் கண்டுகொள்ளும். இதற்கொரு வழி, தந்தை தம் இடக்காலால் மட்டும் ஆடுதல். அப்போது இருவர்க்கும் ஆட்டம் மெய்யாகவே கடினமாகும். வெற்றியும் மெய்யானதாகும்.

ஓர் எச்சரிக்கை. தலையாற் பந்தை முட்டுதலைச் சிறு பிள்ளைகளுக்கு வீட்டிற் பழக்குதல் வேண்டா. அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் 2015இல் பத்து வயதும் அதற்குட்பட்டோரும் தலையால் முட்டுதலைத் தடுத்தது. 2020இல் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றின் சங்கங்களும் ஆரம்பப் பள்ளி வயதினரின் பயிற்சியிலிருந்து அதனை நீக்கின. வளரும் மூளையின் நலங் கருதியே இவ்விதிகள் எழுந்தன. வளரும் வயதிலே குதிக்காலிலோ முழங்காலிலோ நோவு நீடித்தால் "ஆண்பிள்ளை தாங்க வேண்டும்" என்று ஆடவிடாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

தந்தையின் கால் உதவும்; நாவோ?

இதுகாறும் கூறியன எளியவை. இனிக் கூறுவது அரியது.

பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் ஆட்டங்களைப் பார்க்கும் ஆசிரியர் ஒரு காட்சியை அடிக்கடி காண்பர். பந்து காலுக்கு வருகிறது. அதனை எங்கே அனுப்புவதெனப் பார்க்க வேண்டிய பிள்ளை, முதலில் எல்லைக் கோட்டருகே நிற்கும் தந்தையின் முகத்தைப் பார்க்கிறது. அந்த அரைக்கணத்திற் பந்து பறிபோகிறது. தந்தை தலையில் அடித்துக்கொள்கிறார். அடுத்த முறை பிள்ளை இன்னும் கூடுதலாக அம்முகத்தைப் பார்க்கிறது. ஈராண்டு கழிந்தபின் அணித் தெரிவுக்குப் பெயர் கேட்டால், அப்பிள்ளை கையுயர்த்துவதில்லை. காலில் வலுவில்லாமையாலன்று, விளையாட்டு இன்பம் தருவதை நிறுத்திவிட்டமையால்.

மழலை பேசும் குழந்தையின் ஒவ்வொரு சொல்லையும் திருத்தினால் அது பேசாமற் போகும். நாம் அவ்வாறு செய்வதில்லை. "அம்மா தோது" என்றாலும் சோறு கொடுக்கிறோம், கேட்டு மகிழ்கிறோம், சரியான சொல்லை நாம் திரும்பச் சொல்கிறோம். பிள்ளை கேட்டுக் கேட்டுத் தானே திருந்துகிறது. அப்பொறுமையைப் பந்துக்கும் காட்டுதல் வேண்டும். ஒரு மாலைக்கு ஒரு திருத்தம் போதும். அதனையும் வாயாற் சொல்வதினும் காலாற் செய்து காட்டுதல் மேல். பிள்ளை இன்னும் ஆட விரும்பும்போதே ஆட்டத்தை முடித்துவிட்டால், மறுநாள் அது தானே பந்தைக் கொண்டுவந்து தரும். அவ்வாறு கொண்டுவரின் பயிற்சி சரியாக நடக்கிறதென அறியலாம்.

போட்டி முடிந்து வீடு திரும்பும் வழியில் ஆட்டத்தை அலசுதல் வேண்டா. மோட்டார்ச் சைக்கிளின் பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைக்குத் தப்பிச் செல்ல வழியில்லை. பசிக்கிறதா என்று கேட்டாற் போதும். பேச விரும்பினாற் பிள்ளையே தொடங்கும்.

தந்தை ஆட்டமறியாதவராயின் கவலை வேண்டா. விரல் காட்டுதற்கும் சிரட்டை அடுக்குதற்கும் தட்டுகளை எண்ணுதற்கும் ஆட்டத் திறன் தேவையில்லை. தாயாரும் செய்யலாம்; அம்மம்மாவும் செய்யலாம். இங்கே பிள்ளை என்றது மகனை மட்டுமன்று. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் அகில இலங்கைப் பாடசாலை உதைபந்தாட்டத்தில் ஈட்டிய வெற்றிகளைக் கண்ட பின்னும் மகளைத் திண்ணையில் இருத்தி மகனை மட்டும் முற்றத்துக்கு அழைத்தல் முறையாகாது. மாணவத் தம்பிமாரே, உங்கள் வீட்டிலும் தம்பி தங்கையர் இருப்பர். அவர்களுக்கு முதற் பயிற்றுநர் நீங்களே ஆகலாம். கடல் கடந்து இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மாடிவீடுகளில் வாழும் பழைய மாணவர்க்கு முற்றம் இல்லாதிருக்கலாம். பனிக்காலத்திலே வீட்டினுள் நடைவழியிற் சீலைப் பந்தை உருட்ட எவரும் தடை சொல்லார்.

மாலைப் பொழுது எவர்க்கு உரியது?

இறுதியாக ஒன்று. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை நோக்கிச் செல்லும் பிள்ளைக்கு மாலை என்று ஒரு பொழுதே இல்லை. பாடசாலை முடிந்தவுடன் தனியார் வகுப்பு, அது முடிய மற்றொன்று, பின் வீட்டுப்பாடம். ஆசிரியனாகிய யான் கல்வியைக் குறைத்துக் கூறுவேனல்லேன். ஆயினும் ஐந்து முதல் பதினேழு வயது வரையினர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. அவ்வறுபதில் முற்றத்துப் பதினைந்து நிமிடம் ஒரு கால்வாசி. ஓடி வியர்த்து முகங்கழுவி விளக்கின் முன் இருக்கும் பிள்ளை, சோர்ந்து புத்தகத்தை வெறித்திருக்கும் பிள்ளையினும் நன்கு கற்பதை வகுப்பறையிற் காண்கிறோம்.

முற்றத்திற் பழகும் பிள்ளைகள் அனைவரும் கல்லூரி அணியில் இடம்பெறுவாரல்லர். பதினொருவர்க்கே களத்தில் இடமுண்டு. ஆனால் முற்றத்துக்கு அத்தகைய எண்ணில்லை. நாள்தோறும் கால்மணி நேரம் தந்தையின் முழுக் கவனத்தையும் பெற்ற பிள்ளை, அணியில் இடம் பெறாவிடினும் ஒன்றையும் இழந்ததாகாது. தந்தையும் அவ்வாறே. பிள்ளையின் கால் வளர்ந்து முற்றம் சிறிதாகும் நாள் விரைவில் வரும். அதன்பின் அது தோழரோடு மைதானத்துக்குப் போய்விடும். அதுவரை உள்ள மாலைகள் சிலவே. அவற்றை வீணாக்காது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்குவோமாக.